கிலுகிலுப்பைப் பாம்பும் வேட்டை நாயும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் டெக்சஸ் என்றொரு பெரிய மாநிலம் இருக்கிறது. கோடை முடிந்து இலையுதிர் காலம் நெருங்கினால் அங்கே புறா வேட்டையும் அதன்பின் காடை வேட்டையும் தொடங்கிவிடும். தோளில் துப்பாக்கியும் முன்னால் ஓடும் நாயுமாக மக்கள் புல்வெளிகளை நோக்கிப் புறப்படுவார்கள். நீங்களும் அவர்களில் ஒருவரோடு நடந்து போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முழங்கால் உயரப் புல். இடையிடையே கள்ளிப் புதர். சற்றுத் தொலைவில் பாறைகள். முன்னே ஓடிய நாய் சட்டென்று நிற்கிறது. மூக்கு ஒரு புதரை நோக்கி நீள்கிறது, வால் விறைக்கிறது, முன்கால் ஒன்றைத் தூக்கியபடி அசையாமல் நிற்கிறது. புதருக்குள் காடை இருக்கிறது என்று நாய் தன் எஜமானருக்குத் தெரிவிக்கும் முறை இது.

ஆனால் புதருக்குள் இருப்பது காடைதானா?

காய்ந்த வாகை நெற்றுகள் காற்றில் ஆடினாற்போல ஓர் ஓசை எழுகிறது. அது காடை அன்று, கிலுகிலுப்பைப் பாம்பு! அடுத்த சில வினாடிகளில் நாய் என்ன செய்கிறது, எஜமானர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே நாயின் உயிர் இருக்கிறது. அந்தச் சில வினாடிகளுக்குள் ஒலியியல், வெப்பக் கதிர்வீச்சு, இயக்கவியல் என நாம் பாடநூலில் படிக்கும் இயற்பியலின் பல பகுதிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை தாமாகவே விளங்கும்.

யார் இந்தப் பாம்பு?

கிலுகிலுப்பைப் பாம்புகள் விரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்திலும் குழிவிரியன் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கனடாவின் தென்பகுதி முதல் ஆர்ஜென்டினா வரை இவற்றைக் காணலாம். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. டெக்சஸ், அரிசோனா மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் அடிக்கடி எதிர்ப்படுவது மேற்கத்திய வைரமுதுகுப் பாம்பு. முதுகில் வைர வடிவக் கட்டங்கள் இருப்பதால் இப்பெயர். வளர்ந்த பாம்பு ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை நீளமிருக்கும். புளோரிடா முதலிய தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் கிழக்கத்திய வைரமுதுகுப் பாம்புதான் இவற்றுள் மிகப் பெரியது, அது 2.4 மீட்டர் வரை வளரக்கூடும்.

இப்பாம்புகளைப் பற்றி மிக விரிவான நூலை எழுதியவர் யார் தெரியுமா? விலங்கியல் பேராசிரியர் அல்லர். ஒரு மின் பொறியாளர்! லாரன்ஸ் கிளாபர் என்பவர் கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரின் மின்சாரக் கம்பெனியில் பொறியாளராகச் சேர்ந்து, அதன் தலைவராக உயர்ந்தவர். ஓய்வு நேரத்தில் பாம்புகளை அளந்தும் எண்ணியும் ஆராய்ந்து, 1956-இல் இரண்டு பெரும் பாகங்களாக அந்நூலை வெளியிட்டார். அளவிடும் பழக்கம் உள்ளவர் எந்தத் துறையில் நுழைந்தாலும் புதியன காண்பார் என்பதற்கு அவர் ஒரு சான்று.

கிலுகிலுப்பை ஒலிப்பது எப்படி?

குழந்தையின் கிலுகிலுப்பைக்குள் சிறு கற்களோ மணிகளோ இருக்கும். பாம்பின் கிலுகிலுப்பைக்குள் ஒன்றும் இல்லை. நம்முடைய நகம் எந்தப் பொருளால் ஆனதோ, அந்தக் கெரட்டின் என்னும் பொருளால் ஆன வெற்றுக் கூடுகள் ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கின்றன. வால் அதிரும்போது இக்கூடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலே ஓசை.

பாம்பு ஒவ்வொரு முறை சட்டையுரிக்கும் போதும் ஒரு கூடு புதிதாகச் சேர்கிறது. ‘எத்தனை கூடுகளோ அத்தனை வயது’ என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. ஓராண்டில் பலமுறை சட்டையுரிப்பதும் உண்டு. நுனிக் கூடுகள் உடைந்து விழுவதும் உண்டு. பிறந்த குட்டிக்கு ஒற்றைக் குமிழ் மட்டுமே இருக்கும். மோதுவதற்கு இரண்டாவது கூடு இல்லாததால் அது வாலை எவ்வளவு ஆட்டினாலும் ஓசை எழாது. ஆனால் அதன் பற்களில் நஞ்சு உண்டு!

வாலை ஆட்டும் தசை ஓர் அற்புதமான எந்திரம். வெப்பமான நாளில் அது வினாடிக்குத் தொண்ணூறு முறை வரை சுருங்கி விரிய வல்லது. அப்படியானால் ஓசையின் அதிர்வெண்ணும் 90 ஹெர்ட்ஸ்தானா? இல்லை. நாம் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பரந்த கூர்மையான ஓசை. இது எப்படி? வினாடிக்கு இரண்டு முறை கைதட்டிப் பாருங்கள். நம் காதில் விழுவது இரண்டு ஹெர்ட்ஸ் ஒலி அன்று. இரண்டு கூர்மையான ‘பட் பட்’ ஓசைகள். தட்டும் வேகம் வேறு. ஒவ்வொரு தட்டலிலும் பிறக்கும் ஒலியின் அதிர்வெண் வேறு. பாம்பு வினாடிக்குப் பல பத்து முறை ‘கை தட்டுகிறது’, அவ்வளவுதான்.

ஓசையை நம்பி நடக்கலாமா?

‘கிலுகிலுப்பைப் பாம்பு எச்சரித்த பிறகுதான் கடிக்கும்’ என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதனால் காதை மட்டும் தீட்டிக்கொண்டு காட்டில் நடக்கிறவர்கள் உண்டு. இது ஆபத்தான நம்பிக்கை. ஏன் என்று பார்ப்போம்.

முதலாவது, பாம்பின் நோக்கம் எச்சரிப்பதன்று, மறைந்திருப்பதே. மண்ணின் நிறத்தோடு ஒன்றிச் சுருண்டு கிடக்கும் பாம்பு, ‘அசையாதிருந்தால் இந்தப் பெரிய பிராணி கடந்து போய்விடும்’ என்பது போலப் பெரும்பாலும் வாளாவிருக்கும். மிதித்துவிட்டால் ஓசை எழுப்பாமலே கடித்துவிடவும் கூடும்.

இரண்டாவது, தசையின் வேகம் உடலின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த காலை நேரத்தில் அதே பாம்பின் வால் மிக மெதுவாகவே ஆடும்.

மூன்றாவது, நம்முடைய காது. வெடியோசையால் கெடும் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. வயது ஏற ஏறக் குறைவதும் உயர் அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றலே. பல ஆண்டு துப்பாக்கி சுட்டுப் பழகிய முதியவருக்கு எந்த ஒலி கேட்காமல் போகிறதோ, அதே வரம்பில்தான் பாம்பின் கிலுகிலுப்பை ஒலிக்கிறது. அனுபவம் மிகுந்த வேட்டைக்காரர் இந்த வகையில் புதியவரைவிடப் பின்தங்கிவிடலாம்!

நான்காவது, ஓசையைக் கொண்டு தூரத்தைக் கணிப்பதும் எளிதன்று. ஆஸ்திரியாவில் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் சாக்னோவும் அவருடைய குழுவினரும் 2021-இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். ஒரு பொருள் நெருங்க நெருங்கப் பாம்பு ஆட்டும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறது. நாற்பது ஹெர்ட்ஸ் அளவை எட்டியபின், குறிப்பிட்ட ஒரு தூரத்தில், திடீரென்று அறுபது முதல் நூறு ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. இதைக் கேட்டவர்கள் பாம்பு உண்மையில் இருப்பதைவிட மிக அருகில் வந்துவிட்டதாக எண்ணினார்கள். பாம்புக்கு இது நல்ல பாதுகாப்பு. கேட்பவரோ திடுக்கிட்டு எந்தப் பக்கம் குதிப்பார் என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கை: பாம்புக்குப் புறச்செவி இல்லை. தரை வழியாகவும் காற்று வழியாகவும் வரும் தாழ்ந்த அதிர்வுகளை அது உணரும். தன் வால் எழுப்பும் உயர்ந்த ஒலி அதன் கேள்வி வரம்பிற்கு அப்பாற்பட்டது. தான் அடிக்கும் பறையைத் தானே கேளாத பறையன் போல, ஓசை முழுவதும் பிறருக்காகவே!

வெப்பத்தைக் காணும் குழி

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, இப்பாம்புக்கு இரு குழிகள் உண்டு. ‘குழிவிரியன்’ என்ற பெயர் இதனால் வந்தது. ஒவ்வொரு குழிக்குள்ளும் மிக மெல்லிய சவ்வு ஒன்று நீட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. சவ்வு மெல்லியதாக இருப்பதால் அதன் வெப்பக் கொள்ளளவு மிகக் குறைவு. சிறிதளவு கதிர்வீச்சு பட்டாலே அதன் வெப்பநிலை உயர்ந்துவிடும். ஒரு பாகையின் ஆயிரத்தில் சில பங்கு அளவு மாறுதலையும் அது உணர்கிறது.

நாய், காடை, மனிதன் ஆகிய வெப்ப இரத்தப் பிராணிகள் எல்லாம் இருட்டிலும் கதிர் வீசிக்கொண்டே இருக்கின்றன. எந்த அலைநீளத்தில்? வீன் விதியைக் கையாண்டு பாருங்கள். 2,900 என்ற எண்ணைக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் வகுத்தால், கதிர்வீச்சு உச்சத்தில் இருக்கும் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். 37 பாகை செல்சியஸ் என்பது 310 கெல்வின். வகுத்தால் ஏறத்தாழ 9.4 மைக்ரோமீட்டர். சிவப்பு ஒளியின் அலைநீளமோ 0.7 மைக்ரோமீட்டர்தான். ஆகவே நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்புக் கதிர்கள் இவை. நோபிள், ஷ்மிட் என்னும் இருவர் 1937-இல் இக்குழிகள் வெப்பத்தை உணர்வன என்று காட்டினர். நரம்புகளிலிருந்து நேரடியாக அளந்து 1952-இல் உறுதிசெய்தவர்கள் புல்லக்கும் கவுல்சும். 2010-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் அச்சவ்வின் நரம்பு நுனிகளில் வெப்பத்தால் திறந்துகொள்ளும் புரத வாயில் ஒன்றைக் கண்டுபிடித்தது. வெப்பமும் தொடுதலும் உணரப்படும் விதத்தைக் கண்டறிந்தமைக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவரும் ஒருவர்.

வேட்டைக்குப் போகிறவருக்கு இதில் என்ன பாடம்? ‘இருட்டில் பாம்புக்கு என்னைத் தெரியாது’ என்று எண்ணுவதற்கு இடமில்லை. பொழுது சாய்ந்தபின் நாம்தான் குருடர், பாம்பு அன்று. வெப்பமாக மூச்சு விடும் நாயின் மூக்கு, குளிர்ந்த புல்லின் பின்னணியில் பாம்புக்குத் தெளிவான ஓர் இலக்கு.

கண் இமைக்கும் நேரத்துக்குள்

பாம்பு பாய்ந்து கடிப்பதை 2016-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதிவேகப் படக்கருவியால் அளந்தனர். பாயத் தொடங்கியது முதல் இலக்கைத் தொடுவது வரை பத்தில் ஒரு பங்கு வினாடிகூட ஆகவில்லை. நாம் ஒருமுறை கண் இமைக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. கண்டவுடன் கையையோ காலையோ அசைக்கவும் அவ்வளவு நேரம் தேவை. கணக்கு எளியது: பாய்வதைப் பார்த்த பிறகு விலகுவது இயலாத காரியம்; நாய்க்கும் அப்படித்தான்.

ஆனால் வேகத்தில் வெல்ல முடியாதவனைத் தூரத்தில் வெல்லலாம். சுருண்டு கிடக்கும் பாம்பு தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் பொதுவாகப் பாயும். ஒன்றரை மீட்டர் பாம்பு என்றால் முக்கால் மீட்டர். நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அதன் வேகத்தால் உங்களுக்கு ஒன்றும் நேராது. அது துரத்தி வருவதும் இல்லை.

நாய்க்கு ஏன் பேராபத்து?

மனிதன் புதிய பொருளைக் கையால் தொட்டு அறிகிறான். நாய் மூக்கால் தொட்டு அறிகிறது. ஆகையால் நாய்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்கால்களிலும் படுகிறது. முகத்தில் கடித்தால் வீக்கம் மூச்சுப் பாதையை அடைக்கலாம். நாக்கில் படுவது இன்னும் கொடியது.

உடல் எடையையும் பாருங்கள். அறுபது கிலோ மனிதனுக்குள்ளும் இருபது கிலோ நாய்க்குள்ளும் ஒரே அளவு நஞ்சு இறங்கினால், கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் நாய்க்கு மூன்று மடங்கு. இந்நஞ்சு பெரும்பாலும் தசையை அழிக்கிறது. இரத்தக் குழாய்களைக் கசியச் செய்கிறது. இரத்தம் உறையும் ஆற்றலைக் குலைக்கிறது. மொகாவி பாலைவனப் பாம்பு போன்ற சிலவற்றின் நஞ்சு நரம்பையும் தாக்கும்.

எந்தப் பொழுதில், எந்த இடத்தில்?

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. வெயிலிலிருந்து கடன் வாங்குகிறது. முப்பது பாகையை ஒட்டிய வெப்பம் அதற்கு இதமானது. கடுங்கோடையில் பகலெல்லாம் நிழலில் பதுங்கி இரவில் உலாவும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலில் வெளிவரும். குளிர்காலத்தில் பாறைப் பிளவுகளிலும் வளைகளிலும் ஒடுங்கிக் கிடக்கும். டெக்சஸில் புறா வேட்டை செப்டம்பர் முதல் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அது பாம்புகள் நன்றாக உலாவும் காலம். காடை வேட்டை அக்டோபர் இறுதியில் தொடங்கும். அது பாம்புகள் ஒடுக்கம் தேடிச் செல்லும் காலம். குளிர்காலத்தின் நடுவிலும் இளவெயில் அடிக்கும் நாளில் பாம்பு வளை வாயிலுக்கு வந்து காயும். ஆகவே ‘இது குளிர்காலம்’ என்று மட்டும் பார்க்காமல், ‘இன்று வெப்பம் எவ்வளவு’ என்று பார்ப்பதே அறிவுடைமை.

பாறைக் குவியல், விறகு அடுக்கு, பாழடைந்த கொட்டகை, எலிவளை மிகுந்த மேடு, வறண்ட நாட்களில் நீர்நிலையின் கரை ஆகிய இடங்களில் நாயைத் தன்போக்கில் ஓட விடக்கூடாது.

நாய்க்கும் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைப் பருவத்துக்கு முன் நாய்களுக்குப் பாம்புப் பயிற்சி அளிக்கிறார்கள். கடிக்க முடியாதபடி வாயைக் கட்டிய பாம்பைத் தரையில் விட்டு நாயை அருகே நடத்துவார்கள். நாய் முகர நெருங்கும் அதே கணத்தில், கழுத்துப் பட்டையிலுள்ள மின்கருவி சிறிய அதிர்ச்சி தரும். பாம்பின் மணம், உருவம், ஓசை மூன்றையும் துன்பத்தோடு இணைத்து நாய் நினைவில் கொள்ளும். மணியோசையையும் உணவையும் இணைத்து பாவ்லவ் நாய்களுக்குக் கற்பித்தார் அல்லவா? அந்த வழியில் வந்ததே இதுவும். மின்னதிர்ச்சியை விரும்பாதவர்கள், பாம்பின் மணம் வந்தால் எஜமானரிடம் ஓடிவந்து தின்பண்டம் பெறும்படி பழக்குவதும் உண்டு. எந்த முறையானாலும், கற்றதை நாய் மறக்கும். ஆண்டுதோறும் மறுபடி பழக்க வேண்டும்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நாய்களுக்கென்று ஒரு தடுப்பூசியும் விற்பனைக்கு வந்தது. அது நாயைக் காப்பாற்றும் என்பது திட்டமாக நிரூபிக்கப்படவில்லை. ஊசி போட்ட நாயாயினும் கடிபட்டால் மருத்துவரிடம் ஓடத்தான் வேண்டும்.

நடக்கும் போது நினைவில் கொள்க

முழங்கால் வரை மூடும் தடித்த காலணியோ, பற்கள் துளைக்காத கால்கவசமோ அணிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்கக்கூடாது. குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் ஒரே எட்டில் தாண்டக்கூடாது. அதன் மேல் ஏறி நின்று, அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தபின் இறங்க வேண்டும். சுட்டு வீழ்த்திய பறவையைப் புதருக்குள் கைவிட்டு எடுக்கக்கூடாது.

கிலுகிலுப்பை ஓசை கேட்டால் முதலில் அசையாமல் நில்லுங்கள். ஓசை வரும் திசையைக் கண்ணால் தேடிக் கண்டுபிடியுங்கள். பின் மெல்லப் பின்வாங்கி, நாயை உறுதியான குரலில் அழையுங்கள். அழைத்தவுடன் எதையும் விட்டுவிட்டு வரும் பழக்கம் ஒன்றே அந்த வேளையில் நாயின் உயிரைக் காக்கும். பாம்பை நோக்கிச் சுடுவது பெரும்பிழை. குண்டு பாறையில் பட்டுத் திரும்பலாம். நாய் குறுக்கே பாயலாம்.

செத்த பாம்பையும் நம்பக்கூடாது. வெட்டுண்ட தலை சில நிமிடங்கள் மட்டுமன்றி ஒரு மணி நேரம் வரையிலும் அனிச்சைச் செயலாகக் கடிக்கக்கூடும். டெக்சஸில் 2018-இல் ஒருவர், தாம் வெட்டிய பாம்பின் தலையை எடுக்கப்போய்க் கடிபட்டு, உயிர் பிழைக்க 26 அளவு நச்சுமுறி மருந்து தேவைப்பட்டது.

கடித்துவிட்டால்?

நாயை ஓடவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். வீக்கம் வரும்முன் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். மனிதராயின் மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு, நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நேரே செல்லுங்கள். வேட்டைக்குப் புறப்படும் முன்பே அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைப்பவரே புத்திசாலி.

கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள். இந்நஞ்சு தசையை அழிப்பது. இறுகக் கட்டினால் அது ஓரிடத்தில் தேங்கி அங்கேயே அழிவைப் பெருக்கும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரைகள் நஞ்சை முறிப்பதில்லை. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தப்போக்கை மிகுதியாக்கும். நஞ்சை முறிப்பது நச்சுமுறி மருந்து ஒன்றே. சில கடிகளில் நஞ்சே இறங்காமலும் இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், நாம் அல்ல.

நமக்கு இதில் என்ன?

கிலுகிலுப்பைப் பாம்பு நம் நாட்டில் இல்லை. ஆனால் அதன் உறவினர்களான குழிவிரியன்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்டு. நம் சுருட்டை விரியன் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் அறுப்பது போல் ஒலி எழுப்புகிறது. கண்ணாடி விரியன் உரக்கச் சீறுகிறது. ‘கிட்டே வராதே’ என்ற ஒரே செய்தியை மூன்றும் மூன்று கருவிகளால் சொல்கின்றன.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏழாயிரம், எட்டாயிரம் பேரை நச்சுப் பாம்புகள் கடிக்கின்றன. இறப்பவர்கள் ஏறத்தாழ ஐந்து பேர். இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாம்பு இனங்களிலும் வாழ்க்கை முறையிலும் வேறுபாடு உண்டுதான். என்றாலும் காலணி, கைவிளக்கு, கீறாமலும் கட்டாமலும் நேரே மருத்துவமனைக்குச் செல்வது என்னும் எளிய செயல்கள் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை மூடும் என்பதில் ஐயமில்லை. நச்சுமுறி மருந்து செய்யத் தேவையான நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருபவர்கள், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் 2017-இல் புளோரிடாவுக்கே சென்று, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனர். தரையையும் தடத்தையும் கூர்ந்து பார்ப்பதே அவர்களுடைய கலை.

டெக்சஸ் புல்வெளியில் நின்ற நம் நாய்க்குத் திரும்புவோம். எஜமானர் நின்றார்; கண்ணால் தேடினார்; குரல் கொடுத்தார். நாய் மூக்கைத் திருப்பி அவரிடம் ஓடி வந்தது. புதருக்குள் ஓசை தணிந்தது. பாம்பு தன் வழியே போயிற்று. ஒரு காடைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் வீடு திரும்பியவர்கள் இருவர், புறப்பட்டவர்களும் இருவர்தாம். வேட்டையில் அதைவிட நல்ல கணக்கு வேறு உண்டா?